முட்டை அட்டைச் சுவர்

அந்தச் சுவத்துல சாயாதீங்க ப்ரோ. அட்டை பேந்து வந்துடும். போன மழையில ஊறிப்போன பசை அது. இந்தப் பக்கம் உக்காருங்க, அந்தப் பெட்டி மேலயே உக்காரலாம், ஒண்ணும் ஆவாது. உங்க ஆளுங்க வர்ற வரைக்கும் காத்து வாங்கிக்கினு இருங்க. மூணு வாரமா வர்றானுங்க, இன்னும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள இந்தச் சந்துக்கு வழி கண்டுபுடிக்கவே அவனுங்களுக்கு நேரம் ஆவுது.

கேக்குதா? ஊங்னு ஒண்ணு. இவ்ளோ முட்டை அட்டை ஒட்டியும் கொஞ்சம் வரத்தான் செய்யுது. அதோ, அந்த மூலையில மட்டும் அட்டை நிக்கவே மாட்டேங்குது, அங்க இருந்துதான் வருது. பக்கத்துல ஃபவுண்டரி. இரும்பு உருக்கி பம்பு செட்டுக்கு வார்ப்பு ஊத்துறாங்க. அடுப்புக்குக் காத்து ஊதறதுக்கு ஆள் உயரத்துல ஒரு ப்ளோயர் ஓடுது, சரியா சுவத்துக்கு அந்தப் பக்கம். பழகிடும் ப்ரோ. எனக்கெல்லாம் அது கேக்கறதே இல்ல.

லிடியாவோட ரெக்கார்டு கேட்டுட்டுதான் இந்த ரூம தேடி வந்தேன்னு மொத மொத ஃபோன்ல சொன்னீங்க இல்ல. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. வர்றாங்க, சுவத்தப் பாக்குறாங்க, ஃபோட்டோ புடிக்கிறாங்க, ரெண்டு மணி நேரம் வாசிச்சுட்டுப் போறாங்க. யாராவது கஜபதி யாருன்னு கேட்டாங்களா? நான்தான் கஜபதி. 'கலீஜ்' பேண்ட ஆரம்பிச்சது நான். அந்த ரெக்கார்டு அட்டையில 'தணிகாவுக்கு'ன்னு ஒரு வரி போட்டிருக்கா, பாத்திருப்பீங்க. எனக்கு ஒரு வரி கெடையாது. நான் அதுக்காக வருத்தப்படல. நடந்தது இன்னான்னு ஒருத்தருக்காவது தெரியணும், அவ்ளோதான்.

மொதல்ல நாங்க மூணு பேரு. நான் கிடார், பாட்டு. தணிகாசலம் ட்ரம்ஸ். பேஸ் கிடாருக்கு ஒருத்தன் இருந்தான், துபாய் போயிட்டான், அவன விடுங்க. தணிகாவுக்கு அந்த ஃபவுண்டரியிலதான் வேல. அந்த ப்ளோயருக்கு க்ரீஸ் அடிக்கறது, பெல்ட்டு பாக்கறது, காலையில போடறது, சாயங்காலம் நிறுத்தறது, எல்லாம் அவன்தான். இந்த ரூமே அவன் மூலமாத்தான் கெடச்சுது. அந்தக் கம்பெனியோட பழைய மணல் கொட்டாய் இது. இந்தச் சத்தத்துக்குப் பயந்து யாரும் வாடகைக்கு வரல, எங்களுக்கு சும்மா குடுக்கற மாதிரி குடுத்தாங்க.

சத்தம் எங்களுக்குப் பிரச்சினையே இல்ல ப்ரோ. அதுக்கு மேல கத்தினோம். பங்க் மியூசிக்குன்னா அதுதானே? இங்கிலாந்துல எழுபத்தாறு எழுபத்தேழுல வேல வெட்டி இல்லாத பசங்க கெளம்பி, கிடார்ல மூணு கார்டு புடிக்கத் தெரிஞ்சா போதும் மேடையில ஏறுன்னாங்க. வாசிக்கத் தெரியணும்னு இல்ல, கோவம் இருக்கணும். எனக்குக் கோவம் நெறைய இருந்துச்சு. 'தண்ணி லாரி'ன்னு ஒரு பாட்டு வெச்சிருந்தேன். "வரல வரல வரல தண்ணி லாரி வரல", அவ்ளோதான் பாட்டு. ரெண்டு நிமிஷம் ஓடும். பாடி முடிச்சா தொண்டையில ரத்தம் வர்ற மாதிரி இருக்கும். கொரட்டூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல வாசிச்சப்ப நாற்காலி பறந்துச்சு. அந்த மாதிரி ஒரு நாள் திரும்ப வராது.

அப்புறம் லிடியா வந்தா. பெரம்பூர்காரி. கொழந்தைங்களுக்குக் கீபோர்டு சொல்லிக் குடுத்துக்கினு இருந்தா, பேஸ் நல்லா வாசிப்பா. நல்லாவே வாசிப்பா, அத நான் மறைக்கல. வந்த மொத வாரம் வாயத் தொறக்கல. ரெண்டாவது வாரம் 'தண்ணி லாரி' முடிஞ்சதும் கேட்டா.

"கஜா, இதுக்கு அப்புறம் என்ன?"

"அடுத்த பாட்டு."

"அதும் இதே மாதிரிதான் இருக்கு. நீ சொல்ற அந்த இங்கிலாந்து பசங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியுமா?"

எனக்கு எதுக்குத் தெரியணும்? ஆனா அவ சொன்னா, தணிகா ஸ்டிக்க மடியில வெச்சுக்கினு வாயப் பொளந்து கேட்டான். ரெண்டு வருஷத்துல அந்தப் பசங்களுக்கே சலிச்சுப்போச்சாம். எல்லாரும் கத்த ஆரம்பிச்சதும் கத்துறதே யூனிஃபார்ம் மாதிரி ஆயிடுச்சாம். கடைக்காரன் அந்தக் கோவத்தையும் சட்டையில அச்சடிச்சு வித்தானாம். அதனால கொஞ்சம் பேரு வேற மாதிரி யோசிச்சாங்களாம். ஜமைக்காகாரங்க மாதிரி பேஸ முன்னால கொண்டாந்தாங்களாம். கிடார பின்னால தள்ளி, கண்ணாடியில ஆணி கீறுற மாதிரி அங்கங்க தொட்டு விட்டாங்களாம். டேப்ப வெட்டி ஒட்டி, எக்கோ விட்டு, அவங்க ஊரு மில்லு சத்தத்தையே தாளமா வெச்சாங்களாம்.

"முக்கியமா நடுவுல எடம் விட்டாங்க" அப்படின்னா. "கத்தினா அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சுடும். எடம் விட்டா தெரியாது. அதுலதான் பயம் வரும்."

அதுக்கு போஸ்ட் பங்க்குன்னு பேராம். எனக்கு அப்பவே பிடிக்கல. கோவமா இருக்கறவன் கோவத்த ஆற வெச்சு தட்டுல போட்டுக் குடுப்பானா? நான் தப்பா சொல்லல, நீங்களே சொல்லுங்க.

அன்னிக்கு அவ இன்னா பண்ணா தெரியுமா? பேஸ எடுத்துக்கினு அந்த மூலைக்குப் போயி சுவத்துல முதுக வெச்சு நின்னா. கம்பிய மீட்டி, கம்பிய முறுக்கற கீய மெதுவாத் திருகினா. ரெண்டு சத்தம் கிட்ட கிட்ட வந்தா வ்வா வ்வானு அலை அடிக்கும் இல்ல, உங்களுக்குத் தெரியாததா. அலை மெதுவாச்சு, இன்னும் மெதுவாச்சு, நின்னுடுச்சு. அப்புறம் பேஸ் எது, ப்ளோயர் எதுன்னு தெரியல. ரூமே ஒரு வயிறு மாதிரி உள்ளேர்ந்து அதிருது. தணிகா சிரிச்சான். "மச்சி, நம்ம ஆளு பாடுதுடா" அப்படின்னான். அந்த மெஷின அவன் நம்ம ஆளுன்னுதான் சொல்லுவான்.

அதுல இருந்து எல்லாம் அந்த ப்ளோயர் சுருதிக்குத்தான். என் கிடாரையும் எறக்கச் சொன்னா. தணிகா ஃபவுண்டரியில கழிச்சுப் போட்ட இரும்புத் தகடு, எண்ணெய் டின்னு எல்லாம் தூக்கியாந்து தட்டினான். 'தண்ணி லாரி'ய அவ பிரிச்சு மேஞ்சுட்டா. நான் கத்தக் கூடாதாம். "குடம் வரிசையில நிக்குது"ன்னு ஒரே வரி, நியூஸ் வாசிக்கற மாதிரி சொல்லணுமாம். சொல்லிட்டு ரொம்ப நேரம் சும்மா நிக்கணுமாம். சும்மா நிக்கறதுக்கு எனக்கு எதுக்கு கிடாரு? பேண்டு பேரையும் மாத்தினா. 'மூணாவது ஷிஃப்ட்'. தணிகா சரின்னுட்டான். ரெண்டுக்கு ஒண்ணு, நான் இன்னா பண்றது?

சும்மா சொல்லக் கூடாது, ஜனங்களுக்குப் பிடிச்சுது. நுங்கம்பாக்கத்துல ஒரு எடத்துல வாசிச்சோம். யாரும் நாற்காலி தூக்கல. அசையாம பாத்துக்கினு இருந்தாங்க. முடிஞ்சப்புறம் ஒரு பொண்ணு வந்து, லிடியா கையப் புடிச்சுக்கினு நின்னுச்சு. என்னப் பாத்து ஒண்ணும் சொல்லல. ஆடியில ஆரம்பிச்சது, ஆவணிக்கெல்லாம் எழும்பூர்ல ஒரு பெரிய ஹால்ல வாசிக்கக் கூப்பிட்டுட்டாங்க, ஐப்பசியில ஒரு சனிக்கெழம சாயங்காலம். பெங்களூர்ல இருந்து ரெக்கார்டு போடறவங்க வராங்கன்னாங்க. வாழ்க்கையில ஒரு வாட்டி வர்ற சான்ஸ் ப்ரோ அது. அத நெனப்புல வெச்சிக்கோங்க, நான் செஞ்சதெல்லாம் அதுக்காகத்தான்.

புரட்டாசியிலதான் அவ ஆரம்பிச்சா. ஒவ்வொரு வாட்டி வாசிக்க வர்றப்பவும் மூலைக்குப் போவா, கம்பிய மீட்டுவா, மூஞ்சி சுருங்கும், கீயத் திருகுவா.

"திரும்ப எறக்கினியா?" அப்படின்னு கேட்டேன்.

"நான் எறக்கல கஜா. அது எறங்குது."

"எது?"

"செவுரு."

மழ வரப்போவுது, ஈரக் காத்து, கம்பி இளகத்தான் செய்யும்னேன். அவ என்ன ஒரு பார்வ பாத்தா.

"கம்பி இளகினா நான் ஏத்தணும். நான் எறக்கிட்டு இருக்கேன்."

பதில் சொல்றதுக்கு வாயி மட்டும் இருந்தா போதும் சில பேருக்கு. எனக்கு ஒவ்வொரு வாட்டியும் கிடார எறக்கி எறக்கி, கம்பி கொடி மாதிரி தொங்குது. கரண்ட் ஏறி எறங்கும், அதுக்கு மெஷினும் ஏறி எறங்கும்னேன். ஏறி எறங்கினா சரி, இது ஏறவே இல்லயே அப்படின்றா. அதுக்கப்புறம் இன்னொண்ணு சொன்னா. அலை நிக்க மாட்டேங்குதாம். என்ன பண்ணாலும் ஒரு சின்ன நடுக்கம் இருந்துக்கினே இருக்குதாம். "அதுக்கு மூச்சு வாங்குது" அப்படின்னு தணிகா கிட்ட சொன்னா. ராத்திரி படுத்தா அந்தச் சத்தம் காதுல வருதாம், தூக்கம் இல்லியாம்.

தணிகா அத வெளையாட்டா எடுத்துக்கல, அதான் அவன் கிட்ட பிரச்சினை. மறுநாளே பெல்ட்ட இழுத்துக் கட்டினான். ரெண்டு நாள் ஏறுச்சு, அப்புறம் பழையபடி எறங்கிடுச்சு. சக்கரத்தத் தாங்கற பேரிங் பெட்டிய தொட்டா கை சுடுது, முன்ன இப்படி சுடாதுன்னான். போயி ஃபோர்மேன் லோகநாதன் கிட்ட சொன்னான். அவரு, "எல்லா மெஷினும் சூடாவும்பா, நீ பாட்டு கச்சேரிக்குப் போனப்புறம் உனக்கு எல்லாம் கேக்குது" அப்படின்னுட்டாரு. அங்க வேல செய்யற ஆளுங்க அவன பாகவதர்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. "பாகவதரே, மெஷினுக்கு இன்னிக்கு தொண்ட கட்டியிருக்குதா?" அப்படின்னு. தணிகா கூச்ச சுபாவம். திரும்ப வாயத் தொறக்கல. நானும்தான் சிரிச்சேன். சிரிப்பு வராம இருக்குமா?

ஆனா நான் சும்மா சிரிச்சுட்டுப் போற ஆளு இல்ல. ஒரு பிரச்சினைன்னா முடிச்சு வெக்கணும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போயி எலக்ட்ரானிக் ட்யூனர் வாங்கியாந்தேன். இனிமே எல்லாம் இந்த டப்பா சொல்ற சுருதிதான், சுவரு சொல்ற சுருதி கெடையாதுன்னுட்டேன். அப்புறம் முட்டை மண்டியில கெஞ்சி அட்டை வாங்கி, ஆட்டோவுல அடுக்கியாந்து, ஒண்டியா நின்னு ஒட்டினேன். பாருங்க, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். அட்டைக்குப் பின்னால பழைய தென்னநார் மெத்தைய பிரிச்சு வெச்சேன். முடிச்சு கதவ சாத்தினா, ப்ரோ, ஒரு சத்தம் இல்ல. கெணத்துக்குள்ள எறங்கின மாதிரி. ரெண்டு வருஷத்துல மொத வாட்டி இந்த ரூம் அமைதியா இருந்துச்சு. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

லிடியா வந்தா. நடு ரூம்ல நின்னா. நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லுவான்னு பாத்தேன்.

"இப்ப எப்படி இருக்குன்னு எப்படித் தெரியும்?" அப்படின்னா.

"எது?"

அவ நேரா அந்த மூலைக்குப் போயி, ரெண்டு கையாலயும் அட்டைய புடுங்கினா. மெத்தைய இழுத்து வெளிய போட்டா. ஆமா, அதே மூலைதான். அதுக்கப்புறம் நான் எத்தன வாட்டி ஒட்டினாலும் அங்க மட்டும் நிக்கறதில்ல. அவ நகம் பட்டு சுவத்துப் பூச்சு பேந்துபோச்சு, பசை புடிக்க மாட்டேங்குது. காத வெச்சு கேட்டா. திரும்பி தணிகாவப் பாத்து, "நாளைக்கு மதியம் அந்த ஃபோர்மேன இங்க கூட்டிட்டு வா" அப்படின்னா.

கூட்டிட்டு வந்தான். லோகநாதனுக்கு ஃபவுண்டரியிலயே இருந்து காது பாதி போயிடுச்சு, அவருக்கு இன்னா கேக்கப் போவுதுன்னு நான் நெனச்சேன். அவ ஒண்ணும் விளக்கம் சொல்லல. ஆடி மாசம் நாங்க ரெக்கார்டு பண்ண பாட்டுல இருந்த சுருதிக்கு, என் ட்யூனர வெச்சே, பேஸ சரி பண்ணா. ஆம்ப்ளிஃபயர போட்டா.

"சார், ஒரு கைய பொட்டி மேல வைங்க. இன்னொரு கைய செவுத்துல வைங்க. காது வேணாம்."

கம்பிய மீட்டினா. அவரு ஒரு கை இங்க, ஒரு கை அங்க வெச்சுக்கினு நின்னாரு. அலை அடிச்சுது. வ்வா வ்வா இல்ல ப்ரோ, வேகமா, பல்லு கூசற மாதிரி, ரெண்டு சுருதியும் அவ்ளோ தூரம் வெலகிப்போயிருக்குது. மொதல்ல சிரிச்சுக்கினுதான் இருந்தாரு. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. கைய எடுக்கவே இல்ல. அவ நிறுத்தினப்புறமும் சுவத்துல இருந்த கைய எடுக்கல.

"ஏம்மா, இவ்ளோ எறங்கியிருக்கா?"

"ஆமா சார். நடுங்குது பாருங்க."

"சனிக்கெழம மதியம் அடுப்பு அமந்துடும். தொறந்து பாத்துடலாம்" அப்படின்னாரு. "தணிகாசலம், நீ இருக்கணும். அதோட கோணலெல்லாம் உனக்குத்தான் தெரியும். ராத்திரி வரைக்கும் இழுக்கும், சொல்லிட்டேன்."

எந்த சனிக்கெழம? எங்க எழும்பூர் சனிக்கெழம. அந்த ஆளு அவ்ளோ நாள் கெழமய விட்டுட்டு அதையா புடிப்பாரு? நான் லிடியா மூஞ்சியப் பாத்தேன். அவளுக்குத் தெரியுது. "ஷோ போனா போகுது" அப்படின்னா. அவ்ளோ லேசா. பெங்களூர்லேர்ந்து ஆளு வருது, பேண்ட ஆரம்பிச்சவன் நான் இங்க கல்லு மாதிரி நிக்கறேன், ஷோ போனா போவுதாம்.

யாராவது ஒருத்தர் பொறுப்பா யோசிக்கணும் இல்ல? மறுநாள் நான் தனியா போயி லோகநாதனப் பாத்தேன். "சார், சனிக்கெழம தணிகா வீட்ல ஒரு விசேஷம், அவன் உங்க கிட்ட சொல்லக் கூச்சப்படறான். திங்கக்கெழம மொத வேலையா தொறந்துடுங்க" அப்படின்னேன். அவரு யோசிச்சாரு. "திங்கக்கெழம போடறதுக்கு முன்னாடி தொறக்கணும்" அப்படின்னாரு. ஆமா சார், போடறதுக்கு முன்னாடின்னேன். என் வாயால சொன்னேன் ப்ரோ, போடறதுக்கு முன்னாடின்னு. தணிகா கிட்ட வந்து, ஃபோர்மேனே திங்கக்கெழமைக்குத் தள்ளி வெச்சுட்டாருன்னு சொன்னேன். அவனுக்கும் மூஞ்சி மலந்துபோச்சு, ஷோவுக்கு வர ஆச இல்லாம இருக்குமா? சின்ன விஷயம். ஒரு பேண்ட நடத்தறவன் இந்த மாதிரி நாலு எடத்துல நாலு மாதிரி பேசித்தான் ஆவணும்.

எழும்பூர்ல வாசிச்சோம். ஹால் நெறஞ்சு போச்சு. கடைசி பாட்டுல லிடியா நாங்க பேசி வெக்காத ஒண்ண பண்ணா. நான் என் வரிய சொல்லிட்டு நிக்கறேன். தணிகா தகட்டுல தட்டிக்கினு இருக்கான். அவ பேஸ்ல ஒரே கம்பிய மீட்டிக்கினே, இன்னொரு கையால கீயத் திருக ஆரம்பிச்சா. ஆடி மாச சுருதியில ஆரம்பிச்சு மெதுவா எறக்கறா. எறங்குது, எறங்குது. கூட்டம் மூச்சு விடல. அவ தணிகாவப் பாத்துக்கினே எறக்கறா. தணிகா ஸ்டிக்க தூக்கினவன் அப்படியே வெச்சுக்கினு நிக்கறான், அடிக்கல. அவன் கண்ணு எப்படி இருந்துச்சுன்னா, தெருவுல போறப்ப தன் பேரச் சொல்லி யாரோ கூப்பிட்டாங்கன்னு திரும்பினவன் மாதிரி இருந்துச்சு. கம்பி தொளதொளன்னு ஆயி சத்தமே செத்துப்போச்சு. ஒருத்தரும் கை தட்டல. அந்த மௌனம் எனக்குத் தாங்கல. நான் கிடார கரகரன்னு அலற வெக்கற ஓவர் டிரைவ போட்டு "வரல வரல வரல"ன்னு கத்த ஆரம்பிச்சேன். பழைய 'தண்ணி லாரி', பழைய வேகத்துல. தணிகா திடுக்குன்னு முழிச்சு என் கூட அடிச்சான். அப்பதான் கூட்டத்துக்கு உயிரே வந்துச்சு. அவங்கல்லாம் லிடியாவோட அந்தக் கடைசிய பத்தித்தான் எழுதினாங்க, எழுதட்டும். தணிகா கடைசியா வாசிச்ச பாட்டு என் பாட்டு. அத யாரும் என் கிட்டேர்ந்து புடுங்க முடியாது.

திங்கக்கெழம காலையில ஏதோ அவசர ஆர்டராம், லாரி வந்து வாசல்ல நிக்குதாம். மொதல்ல ஒரு வார்ப்பு ஊத்திடுங்க, மதியம் தொறந்துக்கலாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. மேனேஜர் ப்ரோ. நான் இல்ல. லோகநாதனும் சரின்னுட்டாரு. தணிகா போயி சுவிச்ச போட்டிருக்கான். அது வேகம் ஏறாம முக்கியிருக்குது, இன்னா ஆச்சுன்னு கிட்டப் போயி குனிஞ்சிருக்கான். உள்ள இருந்த சக்கரம் ஒடஞ்சு, மேல இருந்த தகட்ட கிழிச்சுக்கினு வெளிய வந்துடுச்சு.

நான் இங்கதான் இருந்தேன். இதே எடத்துல உக்காந்து கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கினு இருந்தேன். லிடியா புடுங்கின மூலையில ஞாயித்துக்கெழமதான் புது அட்டை ஒட்டியிருந்தேன். தொம்முனு ஒரு சத்தம், யாரோ மணல் மூட்டைய போட்ட மாதிரி. அவ்ளோதான் கேட்டுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ப்ரோ, இங்கேர்ந்து நாலடி. நான் கம்பி மாட்டி முடிச்சு, ட்யூன் பண்ணி, ஒரு பாட்டு முழுசா வாசிச்சேன். அப்புறம்தான் ஆள் வந்து கதவத் தட்டினாங்க. அட்டை அவ்ளோ நல்லா வேல செஞ்சுது. அந்த ஒரு விஷயத்துக்காவது என்னப் பாராட்டியிருக்கலாம்.

தணிகாவுக்குக் காரியமெல்லாம் முடிஞ்சு லிடியா பேஸ எடுத்துக்கினு போவ வந்தா. அழல. ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"சனிக்கிழமைய யாரு தள்ளி வெச்சது?"

ஃபோர்மேன்னேன். அவ பேஸ தோள்ல மாட்டிக்கினு போயிட்டா. அப்புறம்தான் தெரியுது, இங்க வர்றதுக்கு மின்ன லோகநாதன் கிட்ட போயி கேட்டுட்டுத்தான் வந்திருக்கா. எல்லாம் தெரிஞ்சுக்கினு அப்புறம் எதுக்கு ப்ரோ என்ன வந்து கேக்கணும்? எனக்கு இன்னிக்கு வரைக்கும் அது புரியல. அதுக்கப்புறம் பெங்களூரு போனா, அந்த ரெக்கார்டு போட்டா. கடைசிப் பாட்டுல ட்ரம்ஸ் இல்ல, பாட்டு இல்ல, ஒரே ஒரு கம்பி எறங்கிக்கினே போவுது, பத்து நிமிஷம். அதக் கேட்டுட்டு அழறாங்களாம். நானும் போட்டுக் கேட்டேன். எனக்கு அதுல ஒண்ணும் கேக்கல.

அவ போயிட்டா. இங்க இருந்து செய்ய வேண்டியத செஞ்சவன் நான். தணிகா தம்பி சிகாமணி வேலயில்லாம நின்னான். நான்தான் கம்பெனி வாசல்ல நின்னு பேசிப் பேசி, அண்ணன் வேலைய தம்பிக்கே வாங்கிக் குடுத்தேன். இப்ப கம்பெனி வேற கை மாறி, புது மொதலாளி. புது ப்ளோயர் இல்ல, அதே பொட்டி, உள்ள சக்கரம் மட்டும் மாத்தினது. சிகாமணிதான் ஓட்டறான். நீங்க வர்றப்ப டீக்கடையில என் கூட நின்னானே, நீலச் சட்ட, அவன்தான். அண்ணன மாதிரியே கூச்ச சுபாவம். இப்பதான் உள்ள போனான், மதியம் அடுப்பு இருக்குது.

இன்னா ப்ரோ, பேச்சுவாக்குல ட்யூன் பண்ண ஆரம்பிச்சுட்டீங்க. அந்த மூலைக்கிட்ட போவாதீங்க, அங்க சரியா வராது.

எறக்கறீங்களா?

போன வாரமும் எறக்கினீங்களா? அதுக்கு மின்ன வாரமுமா?

கம்பி பழசு ப்ரோ. மழ வேற வரப்போவுது. என்ன, அலை நிக்க மாட்டேங்குதா? நிக்காது, நிக்காது, சுவத்த வெச்சு ட்யூன் பண்ணா அப்படித்தான் ஆவும். இந்தாங்க ட்யூனர். நாளைக்கு அந்த மூலைக்கும் ஒரு அட்டை அடிச்சுடறேன், இந்த வாட்டி பசை வேணாம், ஆணியே அடிச்சுடறேன். அதோ உங்க ஆளுங்க வந்துட்டாங்க, கதவ நல்லா இழுத்து சாத்தச் சொல்லுங்க. ஆம்ப்ளிஃபயர முழுசா திருப்பி வெச்சு வாசிங்க. சத்தமா வாசிங்க ப்ரோ, அப்புறம் ஒண்ணும் கேக்காது.